படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னவர்

வியாழக்கிழமை பிற்பகல் என் மேலவயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கைப்பேசி அடித்தது காதில் விழவில்லை. வரப்போடு அஞ்சலை வேகமாக வருவதைத்தான் பார்த்தேன். எங்கள் ஊரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவர் அவர். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

“தலைவரே, மிசின நிறுத்தச் சொல்லுங்க. லைப்ரரி அம்மா தவறிட்டாங்களாம். முத்துப்பேட்டையிலேருந்து போன் வந்துச்சு. நெஞ்சு வலின்னு சொன்னாங்களாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள…”

நான் இப்போது ஊராட்சித் தலைவர் இல்லை. பதவி போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஊரில் பழக்கத்துக்கு அப்படியே கூப்பிடுகிறார்கள். கையைத் தூக்கி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். பாதி வயல் அறுத்தும் பாதி அறுக்காமலும் நின்றது. ஓட்டுநர் கீழே குதித்து, “யாருங்க, சொந்தக்காரங்களா?” என்று கேட்டார். அஞ்சலை என்னைப் பார்த்தார், நான் அஞ்சலையைப் பார்த்தேன்.

திருமதி கைருன்னிசா அவர்கள் எங்கள் கீழமருதங்குடி ஊர்ப்புற நூலகத்தின் நூலகர். பன்னிரண்டு ஆண்டுகள் முத்துப்பேட்டையிலிருந்து பேருந்தில் வந்து போனார். அவரைப் பற்றி எழுதுவதற்கு ஊரில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அவருடைய நூலகத்தை இழுத்து மூட முயன்ற ஆள் நான். ஆனால் அஞ்சலைதான் விடவில்லை. “நீங்கதான் எழுதணும். நடந்தது முழுசும் ஒங்களுக்குத்தான தெரியும்” என்றார். உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் துக்கத்தைவிடப் பரபரப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. அவரோடு கழித்த நாட்களை நினைத்தாலே எழுந்து நாலு பேரிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அவர் வந்த முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் நூலகம் ஒரே ஓர் அறை. ஊராட்சி அலுவலகத்தை ஒட்டி, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது. முன்பிருந்தவர் மாறிப் போன பிறகு எட்டு மாதம் ஆளில்லாமல் கிடந்தது. பூட்டிக் கிடக்கிற அரசுக் கட்டடம் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு பயன் உண்டு. என்னுடைய விதைநெல் மூட்டைகள் பன்னிரண்டை உள்ளே அடுக்கியிருந்தேன். நான் தலைவர், சாவி என்னிடம். கேட்க யார் இருக்கிறார்கள்?

கறுப்புப் புர்காவும் தோளில் துணிப்பையுமாக, குள்ளமான ஓர் அம்மையார் பேருந்திலிருந்து இறங்கினார். அடுத்த பேருந்தைப் பிடிக்கப் போகிறவர் போல ஒரு நடை. எப்போதும் அந்த நடைதான். கதவைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“தலைவரே, உள்ள நெல்லு மூட்ட இருக்கு.”

“ரெண்டு நாள்ல எடுத்துடறேம்மா.”

இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு நாள் விதைப்புக்கு மூட்டை எடுக்க ஆளை அனுப்பினேன். வெறுங்கையோடு திரும்பி வந்தார். நானே போனேன். பன்னிரண்டு மூட்டைகளிலும் நூலக முத்திரை பதித்திருந்தது. ஒவ்வொன்றின் மேலும் மையால் ஓர் எண்.

“என்னம்மா இது?”

“லைப்ரரிக்குள்ள இருக்கிறதுக்கெல்லாம் நம்பர் போடணும் தலைவரே, அது ரூல். பதினஞ்சு நாளைக்கு ஒரு மூட்ட எடுத்துட்டுப் போகலாம். கிழியாம, நனையாம திருப்பிக் குடுத்துடணும்.”

முகத்தில் சிரிப்பே இல்லை. பேருந்துக்காக நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று மாலைக்குள் மூட்டைகளை எடுத்துவிட்டேன். அந்த வருடம் என் நாற்றங்காலைத் தாண்டிப் போனவர்கள் எல்லாம், “தலைவரே, லைப்ரரி நெல்லா இது?” என்று கேட்டார்கள். எனக்கு எரிச்சல் அங்கே ஆரம்பித்தது.

அவருக்கு ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டே இருந்தது. வாசலில் ஒரு கரும்பலகை வைத்தார். அதில் மேட்டூர் அணையின் நீர்மட்டம், எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள், என்ன வேலைக்கு விண்ணப்பம் போடலாம், எந்தக் கிழமை கால்நடை மருத்துவர் வருகிறார், எல்லாம் சாக்கட்டியால் எழுதுவார். டெல்டாக்காரனுக்கு ஜூன் மாதத்தில் மேட்டூர் நீர்மட்டத்தைவிடப் பெரிய செய்தி ஏது? டீக்கடையில் நின்றுகொண்டிருந்த கூட்டம் பலகை முன்னால் வந்து நின்றது. பலகைக்கு வந்தவர்கள் வெயிலுக்கு உள்ளே போனார்கள். உள்ளே போனவர்கள் செய்தித்தாளைப் பிரித்தார்கள்.

அஞ்சலை அப்படித்தான் வந்தார். அவர் தெருவிலிருந்து நூலகத்துக்குள் யாரும் வந்து உட்கார்ந்ததில்லை. வரக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. வாங்க என்றும் ஒருவரும் சொல்லவில்லை. கைருன்னிசா அவர்கள்தான் வாசலில் நின்று, “சேறோட இருந்தா என்னங்க, தர சிமெண்டுதான, கழுவிக்கலாம். வாங்க” என்றார். நடவு முடிந்து வருகிற பெண்கள் சேறு காய்ந்த காலோடு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அஞ்சலை ஐந்தாவது வரை படித்தவர், படித்தது மறந்திருந்தது. திருட்டுச் செய்திகளை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்தே அதைத் திரும்பப் பிடித்துவிட்டார். படிக்கும்போது சத்தமாகத்தான் படிப்பார். “அடிப்பாவி, தாலிச் சங்கிலியயா!” என்று நடுவில் கத்துவார். நூலகர் அதைத் தடுத்ததே இல்லை.

எனக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை என்று சொன்னால் பொய். பட்டது. ஆனாலும் ஊராட்சிக்குச் சிமெண்டும் குழாய்களும் போட்டு வைக்க இடமில்லை என்ற சாக்கில், நூலகக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளத் தீர்மானம் தயார் செய்தேன். புத்தகங்களை மன்னார்குடிக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு. என்னுடைய பெரிய வாதம் பழைய செய்தித்தாள்கள்தான். சுவர் ஓரமாகக் கூரை வரை கட்டுக் கட்டாக இருந்தன. அவர் வருவதற்கு முன்னாலேயே குவிந்து கிடந்தவை. வந்ததும் அவற்றை எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அவரோ மாதவாரியாகப் பிரித்து, சணல் கயிற்றால் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் சீட்டு ஒட்டி அடுக்கிவிட்டார்.

“இது லைப்ரரியா, பழைய பேப்பர் கொடவுனா? கரையான் தின்னறதுக்கு ஒரு கட்டடமா?” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன்.

“கரையானுக்கு முன்னாடி யாராவது படிப்பாங்க தலைவரே” என்றார். அவ்வளவுதான்.

காந்தி ஜெயந்தி கிராமசபையில் தீர்மானத்தை நிறைவேற்றுவது என்று முடிவாகியிருந்தது. அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை, என் வீட்டு வாசலில் அவர் நின்றார். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அவருக்குத் தொழுகை நாள். முத்துப்பேட்டையிலிருந்து என்னைப் பார்ப்பதற்காகவே பேருந்து ஏறி வந்திருந்தார். கட்டடத்துக்காகக் கெஞ்ச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

“தலைவரே, ஊராட்சி போர்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. படிச்சீங்களா?”

“எந்த நோட்டீஸ்?”

“நேத்து பஸ்ஸுக்கு நின்னப்ப படிச்சேன். ரோடு அகலப்படுத்துறாங்கள்ல, அதுல நம்ம கோரை வடிகால மூடி நிரவப் போறாங்களாம். பயன்பாட்டில் இல்லாத வடிகால்னு போட்டிருக்கு. ஆட்சேபம் இருந்தா திங்கக்கிழம பதினோரு மணிக்கு நேர்ல வந்து சொல்லணும்.”

கோரை வடிகால் எங்கள் ஊரின் உயிர். வாய்க்கால் தண்ணீர் கொண்டுவரும், வடிகால் தண்ணீர் கொண்டுபோகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலில் தேங்குகிற தண்ணீர் முழுவதும் அதன் வழியாகத்தான் வடிய வேண்டும். சில வருடங்களாகப் பெரிய மழை இல்லை. கோரை மண்டி, பார்க்கிறவர்களுக்குப் பள்ளம் மாதிரியே தெரியாது. அதை மூடிவிட்டால் ஒரு நல்ல மழைக்கு நானூறு ஏக்கர் சம்பாவும் அழுகிவிடும்.

“எவன் சொன்னான் பயன்பாட்டுல இல்லன்னு?” என்று கத்தினேன்.

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நோட்டீஸை வரி விடாமல் கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கடைசி வரியைக் காட்டினார். ஊராட்சித் தலைவரின் இசைவுக் கடிதம் பெறப்பட்டது என்று இருந்தது.

நினைவுக்கு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபம். கையில் வெற்றிலை. யாரோ ஒரு கோப்பை நீட்டி, “ரோடு அகலமாவுது தலைவரே, நாலு எடத்துல போடுங்க” என்றார்கள். போட்டேன். நாலு இடத்திலும் போட்டேன். படிக்கவில்லை.

உட்கார்ந்துவிட்டேன். “அம்மா, இந்தக் கடைசி வரிய யார்கிட்டயும் சொல்லாதீங்க. கிளார்க்கு மாத்தி வச்சுட்டாருன்னு சொல்லிக்கலாம். இல்லன்னா அது என் கையெழுத்தே இல்லன்னு…” என்று இழுத்தேன்.

அவர் கோபப்படவில்லை. நின்றபடியே கேட்டார்.

“கையெழுத்து ஒங்களுதுதான?”

“ஆமா.”

“அப்ப படிக்காம போட்டேன்னு சொல்லுங்க. அதான் உண்ம. பொய் சொன்னா அவங்க ஒங்க கையெழுத்தப் பத்தியே பேசிட்டிருப்பாங்க, வடிகாலப் பத்திப் பேச மாட்டாங்க. மூணு நாளு இருக்கு. வாங்க, தேடுவோம்.”

“எதத் தேடறது?”

“நீங்க எடைக்குப் போடச் சொன்னதத்தான்” என்றார். அப்போதுதான் லேசாகச் சிரித்தார்.

பயன்பாட்டில் இருந்த வடிகால் என்று நிரூபிக்க வேண்டும். பெரிய வெள்ளம் வந்த வருடம் அந்த வடிகாலில் தண்ணீர் போனதைச் செய்தித்தாளில் படத்தோடு போட்டிருந்தார்கள் என்று ஊரில் சிலருக்கு ஞாபகம். எந்த மாதம், எந்தத் தேதி, ஒருவருக்கும் தெரியாது. “எங்க செகப்பு மாடு கன்னு போட்ட வருசம்” என்றார் ஒருவர். வருடத்திலேயே இரண்டு பேருக்கு இரண்டு கருத்து.

அன்று அவர் மதியத்துக்குள் ஊர் திரும்பித் தொழுகையை முடித்துக்கொண்டு, மாலைப் பேருந்தில் மறுபடியும் வந்தார். நூலகம் திறந்தது. அந்த இரண்டு நாட்களைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. கட்டுகளை இறக்கி, தரையில், பெஞ்சில், வாசல் படியில், ஊராட்சி அலுவலக வராந்தாவில், எங்கெங்கும் பரப்பினோம். படிக்கத் தெரிந்தவர் அத்தனை பேரும் வந்தார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்கள் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்தவர்கள் வந்தார்கள். நடவுப் பெண்கள் சனிக்கிழமை வேலையையே விட்டுவிட்டு வந்தார்கள். கைருன்னிசா அவர்கள் ஆளுக்கொரு மாதத்தைக் கொடுத்தார். “பக்கத்தக் கிழிக்காதீங்க, எச்சி தொட்டுத் திருப்பாதீங்க. மத்தபடி என்ன சத்தம் வேணா போடுங்க” என்று சட்டம் சொன்னார்.

சத்தமா அது! “மழை பெஞ்சிருக்கு, மழை பெஞ்சிருக்கு!” என்று ஒருவர் கத்துவார். எல்லாரும் ஓடுவோம். பார்த்தால் வேறு ஊர் மழை. இன்னொருவர் வடிகால் என்று கத்துவார். வேறு வடிகால். நடுவில் தங்கள் கல்யாண வருடத்து நகைக்கடை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நின்றவர்களை அஞ்சலை அதட்டினார். பாதிக் கட்டுகள் பூச்சி அரித்திருந்தன. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து கார்த்திகை மாதத்துத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பலகையிலிருந்த நோட்டீஸைக் கடைசி வரி வரை யாரும் படித்திருக்கவில்லை, என்னிடமும் எதுவும் கேட்கவில்லை. அவர் அந்தக் கடைசி வரியை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான் என்று விட்டுவைத்திருந்தார். அது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வரை கிடைக்கவில்லை. ஆட்கள் சோர்ந்து கலையத் தொடங்கினார்கள். மீதி ஏழு கட்டுகள். அப்போது படியில் உட்கார்ந்திருந்த அஞ்சலையிடமிருந்து சத்தம் வந்தது. வார்த்தையாக இல்லை, வெறும் சத்தம். ஓடினோம்.

மடியில் செய்தித்தாள் விரிந்திருந்தது. உள்பக்கத்தில் ஒரு படம். மார்பளவுத் தண்ணீரில் ஒருவர் நின்று, இரண்டு கையாலும் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் எறிந்துகொண்டிருக்கிறார். பின்னால் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. கீழே, கீழமருதங்குடி கோரை வடிகாலில் அடைப்பை அகற்றும் விவசாயத் தொழிலாளி என்று அச்சாகியிருந்தது.

“எங்க வீட்டுக்காரரு” என்றார் அஞ்சலை. “எங்க வீட்டுக்காரருங்க அது.”

அவர் கணவர் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அப்படி ஒரு படம் வந்தது அஞ்சலைக்குத் தெரியவே தெரியாது. அன்று செய்தித்தாள் வாங்குகிற வீடாக அது இல்லை. கைருன்னிசா அவர்கள் அந்தப் படியிலேயே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்துக்கொண்டார். பிறகு அஞ்சலை மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தார். “வயித்த வலியோட எறங்கினாரு அன்னிக்கி. நாலு நாளு நின்னாரு தண்ணியில. பயன்பாட்டுல இல்லியாம்ல! நான் வர்றேன் நாளைக்கி. நான் சொல்றேன்” என்றார்.

திங்கட்கிழமை ஆட்சேபம் சொல்ல நாற்பது பேர் போனோம். நூலகர் அந்த மாதக் கட்டு முழுவதையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். படத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதற்கு, “வெட்டுனா அது படம். கட்டோட இருந்தா அது சாட்சி” என்றார். மன்னார்குடியில் நகல் எடுத்துக்கொண்டோம்.

அதிகாரி எங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கோப்பைப் புரட்டினார். “ஒங்க ஊராட்சியே சம்மதம் குடுத்திருக்கே? தலைவர் கையெழுத்து இருக்கு” என்றார்.

நாற்பது முகங்களும் என் பக்கம் திரும்பின. வாழ்க்கையில் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். அன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். கைருன்னிசா அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, மடியிலிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையெழுத்து என்னுதுதாங்க. நான் படிக்காம போட்டுட்டேன். தப்பு என் மேலதான். அதுக்கு ஊர தண்டிக்காதீங்க” என்றேன்.

பின்னால் ஒரு முனகல் எழுந்தது. யாரோ சபிக்கக்கூடச் செய்தார்கள். ஆனால் அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “சரி, வடிகாலப் பத்திச் சொல்லுங்க” என்றார். நூலகர் சொன்னது சொன்னபடியே நடந்தது. கையெழுத்துப் பேச்சு அத்தோடு முடிந்தது.

செய்தித்தாளைப் பார்த்துவிட்டு அதிகாரி, “இது அதே வடிகால்தான்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அஞ்சலை முன்னால் வந்தார். “நானு கரையில நின்னுகிட்டு இருந்தேன் ஐயா. அவருக்குக் கஞ்சி கொண்டு போயிருந்தேன். நாளைக்கி வாங்க, எந்த எடத்துல நின்னாருன்னு காட்டுறேன்.”

அதிகாரி செவ்வாய்க்கிழமை வந்தார்! வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கைருன்னிசா அவர்கள் எதிர்பார்த்திருந்தார். “வந்தா கோரையத்தான் பாப்பாரு. தண்ணியக் காட்டணும்” என்று திங்கட்கிழமை திரும்பும்போதே சொல்லிவிட்டார். செவ்வாய் விடிந்ததிலிருந்து ஊர் முழுக்கக் கையில் அரிவாளோடு வடிகாலில் இறங்கிக் கோரையை அறுத்தது. நானும் இறங்கினேன். கரைக்கு அந்தப் பக்கம் வயல்களில் தண்ணீர் நிறுத்தி வைத்திருந்தோம்.

அதிகாரி கரையில் வந்து நின்றதும், ஆறு இடத்தில் ஒரே நேரத்தில் வரப்பை வெட்டிவிட்டோம். தண்ணீர் இறங்கியது. முதலில் நுரையும் சருகுமாக, தயங்கித் தயங்கி, பூனை மாதிரி வந்தது. இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. ஒருவர் மண்வெட்டியோடு குதித்து மண்ணைத் தள்ள, சட்டென்று விட்டுக்கொண்டு ஓடியது. கரையில் நாங்களும் கூடவே நடந்தோம். தண்ணீர் வேகம் எடுத்தது, நாங்களும் எடுத்தோம். கடைசியில் ஓட்டம்தான். எல்லாருக்கும் முன்னால், புர்காவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் செருப்போடு, எங்கள் நூலகர் ஓடிக்கொண்டிருந்தார். “போவுது! போவுது! பாருங்க சார், போவுது!” என்று அவர் கத்தியது இன்னும் கேட்கிறது. ஆற்றில் போய் அந்தத் தண்ணீர் விழுந்தபோது, கல்யாண வீட்டில்கூடக் கேட்காத குலவைச் சத்தம். அதிகாரி காலுறை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வடிகாலை மூடும் யோசனை கைவிடப்பட்டது. சாலைக்கு அடியில் அகலமாகப் பாலம் கட்டித் தந்தார்கள். அந்தக் கார்த்திகையிலேயே மழை கொட்டித் தீர்த்தது. மூன்றாம் நாளே தண்ணீர் வடிந்து பயிர் தலை தெரிந்தது.

காந்தி ஜெயந்தி கிராமசபையில் நூலகத் தீர்மானத்தை நானே திரும்பப் பெற்றேன். அதற்காக அவர் நன்றி சொல்லவில்லை. மறுநாள் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “இது ஒங்களுக்கு. இனிமே எந்தக் காகிதம் வந்தாலும் இங்க உக்காந்து படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க தலைவரே. புரியலன்னா கேளுங்க” என்றார். பதவியில் இருந்த மீதிக் காலம் முழுவதும் அப்படித்தான் செய்தேன். நான் மட்டுமில்லை. பத்திரம், பட்டா, நகைக்கடன் படிவம், மகளை வேலைக்கு அனுப்பும் ஒப்பந்தம், எதுவாக இருந்தாலும் ஊர் அந்த மேசைக்குக் கொண்டுவரத் தொடங்கியது. சனிக்கிழமைதோறும் காலையில் அறிவிப்புப் பலகையில் இருக்கிற எல்லாவற்றையும் யாராவது ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்று வைத்தார். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்தார்கள். அந்தப் பேச்சு சில நாள் சண்டையாகவே மாறும். அதைக் கேட்க அவருக்கு அவ்வளவு பிடிக்கும். கண்ணாடியைக் கழற்றிப் புர்கா ஓரத்தில் துடைத்தபடி, “அப்பறம்? அப்பறம்?” என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பார்.

அஞ்சலையின் வீட்டில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதற்கு ஏற்பாடு செய்தவரும் கைருன்னிசா அவர்கள்தான்.

அடுத்த தேர்தலில் நான் தோற்றேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் என்று எதிரணியினர் தெருத் தெருவாகப் பேசினார்கள். உண்மையைத்தானே பேசினார்கள். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை எனக்குள் முள்ளாகவே கிடந்தது. நாற்பது பேர் முன்னால் தலைகுனிந்து நின்ற நாள் என்றுதான் அதை நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த வெள்ளிக்கிழமை வரை.

வெள்ளிக்கிழமை இரண்டு வேன்களில் முத்துப்பேட்டைக்குப் போனோம். சென்னையிலிருந்து மகள் வந்து சேர வேண்டியிருந்ததால், ஜும்மா தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். பெண்கள் வீட்டுக்குள் போய் மகளோடு உட்கார்ந்தார்கள். அஞ்சலை அந்தப் பெண்ணைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். நாங்கள் உடலைச் சுமந்து சென்ற ஜனாஸா ஊர்வலத்தின் பின்னால் நடந்தோம். அடக்கஸ்தலத்தில் எங்கே நிற்பது, என்ன செய்வது என்று தெரியாமல் ஒதுங்கி நின்றேன். அவருடைய தம்பி என்னிடம் வந்தார். நான் யார் என்று சொன்னேன்.

“கலியபெருமாள் தலைவருங்களா? வாங்க, வாங்க முன்னாடி” என்று கையைப் பிடித்தார். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவரிடம், “மாமா, அக்கா சொல்லும்ல, அவங்கதான் இவங்க” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “எங்க வீட்டுப் புள்ளைங்க ஏதாவது தப்பு பண்ணிட்டு மறைச்சா, அக்கா ஒங்க கதயத்தாங்க சொல்லும். ‘எங்க ஊர்ல ஒரு தலைவர் இருக்காரு. தப்பு பண்ணுனாரு. நாப்பது பேரு முன்னாடி எந்திரிச்சு நின்னு தப்பு எம்மேலதான்னு சொன்னாரு. அந்த மாதிரி தைரியம் வேணும்’னு சொல்லும். ஒங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச” என்றார்.

எங்க ஊர் என்று சொல்லியிருக்கிறார். முத்துப்பேட்டையில் பிறந்து, முத்துப்பேட்டையில் வாழ்ந்தவர்.

தம்பி என் உள்ளங்கையில் மண்ணை வைத்தார். எல்லாரையும் போல மூன்று முறை போட்டேன். கூட்டம் பெரிது, கைகள் நிறைய. மண் சீக்கிரமே மேடாகிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. புதிதாக ஆள் வரும் வரை நூலகம் பூட்டியிருக்க வேண்டாம் என்று மேலிடத்தில் பேசிச் சாவியை வாங்கினோம். அஞ்சலைதான் திறந்தார். இதை அந்த மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பெஞ்சுகளில் இடமில்லை. வாசலில் இரண்டு பேர் ஏதோ ஓர் அறிவிப்புக்கு என்ன அர்த்தம் என்று குரல் உயர்த்திக்கொண்டிருக்கிறார்கள். யாராவது போய் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் நன்றாக இருக்கும். அவரைப் பற்றிக் கடைசியாக என்ன எழுதுவது என்று யோசித்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தலைவரே, கைய எடுங்க. அதுக்குக் கீழதான் பேப்பரு இருக்கு” என்றார் அஞ்சலை.

எடுத்தேன். அவர் செய்தித்தாளை உருவிக்கொண்டு போய், ஜன்னலோரம் உட்கார்ந்து, சத்தமாகப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

கைருன்னிசா அம்மா, உங்களுக்கு எங்கள் ஊரின் வணக்கம்.